மாடு வளர்ப்போருக்குப் பயிற்சி கொடுப்பது எப்படி: முதலில் கண், பிறகு கை, கடைசியில்தான் மருந்து

மாட்டு நலப் பயிற்சி என்றாலே பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. ஒரு கூடம், ஒரு திரை, வரிசையாக நோய்ப் பெயர்கள், அவற்றுக்கான மருந்துகள், கடைசியில் சான்றிதழும் குழுப்படமும். மறுநாள் காலையில் பண்ணையில் அதே குச்சி, அதே கூச்சல், ஊசியும் அதே தொடையில்தான் இறங்கும். வந்தவர்கள் சோம்பேறிகள் என்பதில்லை. கூடத்தில் உட்கார்ந்து கேட்டதை மாட்டின் பக்கத்தில் நின்று செய்ய முடிவதில்லை, அவ்வளவுதான்.

பண்ணையாளர்களுக்கும் மேய்ப்பவர்களுக்கும் பயிற்சி கொடுக்கப் போகும் கால்நடை மருத்துவர்கள், பண்ணை மேலாளர்கள், களப்பணியாளர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். இதில் வரும் வரிசை முக்கியம். மாட்டைப் பார்க்கத் தெரியாதவரிடம் மருந்தைக் கொடுத்தால் தவறான மாட்டுக்குத் தவறான நேரத்தில் போடுவார். மாட்டைப் பதறாமல் நிறுத்தத் தெரியாதவரிடம் ஊசியைக் கொடுத்தால் மாட்டுக்கும் ஆபத்து, அவருக்கும் ஆபத்து. அதனால் மருந்து கடைசியில்தான் வரும்.

படி 1: பயிற்சிக்கு முன்னால் பண்ணையைப் போய்ப் பாருங்கள்

பாடத்திட்டத்தை மேசையில் உட்கார்ந்து எழுதாதீர்கள். பயிற்சிக்கு இரண்டு வாரம் முன்பாவது பண்ணைக்குப் போய்ச் சும்மா சுற்றி வாருங்கள். தண்ணீர்த் தொட்டியில் கையை விட்டுப் பாருங்கள்; அடியில் பாசியும் வழவழப்பும் இருந்தால் மாடு தேவையான அளவு குடிக்காது. மந்தை நடந்து போகும்போது எத்தனை மாடு நொண்டுகிறது என்று எண்ணுங்கள். தொடையிலும் கழுத்திலும் பழைய ஊசிக் கட்டிகள் இருக்கின்றனவா பாருங்கள். மருந்துப் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பாதி காலியான, தேதி தாண்டிய புட்டிகளே அந்தப் பண்ணையின் வைத்திய வரலாற்றைச் சொல்லிவிடும். போன ஈத்தில் பிறந்த கன்றுகளில் எத்தனை செத்தன, எந்த வயதில் செத்தன என்றும் கேளுங்கள். முதல் 2 நாளில் சாகும் கன்றும் 10 நாளில் கழிந்து சாகும் கன்றும் வேறு வேறு பிரச்சினைகள். பயிற்சியும் வேறு வேறு.

எண்ணியதையெல்லாம் தேதியோடு எழுதி வையுங்கள். பயிற்சி வேலை செய்ததா என்று ஆறு மாதம் கழித்துக் கேட்கும்போது இந்தத் தாள் ஒன்றுதான் பதில் சொல்லும்.

மாட்டைத் தினமும் தொடுவது யார் என்பதையும் அன்றே தெரிந்துகொள்ளுங்கள். பயிற்சிக்குப் பெயர் கொடுப்பவர் உரிமையாளராக இருப்பார். விடியலில் கதவைத் திறப்பவர், பால் கறப்பவர், கன்றுக்குப் பால் ஊட்டுபவர் வேறு ஆட்கள். அவர்கள் வராத பயிற்சி வீண். உரிமையாளரும் கூட வரட்டும், நல்லதுதான். தொட்டியைச் சரிசெய்ய, நிழல் போட அவர்தான் பணம் ஒதுக்க வேண்டும்.

பார்த்த குறைகளில் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏழெட்டு எடுத்தால் ஒன்றுகூட நிற்காது.

படி 2: குழு, இடம், நேரம்

ஒரு குழுவில் 10, 12 பேருக்கு மேல் வேண்டாம். ஒவ்வொருவர் கையும் மாட்டின் மேல் பட வேண்டும் என்றால் அதற்கு மேல் முடியாது. இடம் பண்ணைதான். நாள் முழுக்க நடத்துவதைவிட மூன்று மணி நேரம் வீதம் பல நாட்கள் நடத்துவது மேல். இடைப்பட்ட நாட்களில் அவர்கள் தங்கள் மாடுகளிடம் முயன்று பார்த்துவிட்டுக் கேள்வியோடு திரும்பி வருவார்கள். காலத்தையும் பார்த்து வையுங்கள். கன்று ஈனும் பாடம் ஈத்துக் காலத்துக்கு ஒரு மாதம் முன்னால், தடுப்பூசிப் பாடம் தடுப்பூசிக்கு முந்தின வாரம். தேவைப்படும் நேரத்துக்குப் பக்கத்தில் சொன்னதுதான் நினைவில் நிற்கும்.

பக்கத்துப் பண்ணையாளர்கள் ஒருவர் பண்ணையில் ஒருவர் கூடிப் பார்த்து, பேசி, கற்றுக்கொள்ளும் முறை புதிதல்ல. 1989-இல் இந்தோனேசியாவின் நெல் வயல்களில் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் அமைப்பு தொடங்கிய வயல்வெளிப் பள்ளிகள் அப்படித்தான் நடந்தன. அதே முறை பின்னால் கால்நடைக்கும் வந்தது. டென்மார்க்கில் பால் பண்ணையாளர்கள் நோய் எதிர்ப்பு மருந்தைக் குறைக்க இப்படிச் சிறு குழுக்களாகக் கூடி, ஒருவர் பண்ணையை மற்றவர்கள் பார்த்து யோசனை சொன்னார்கள். நிபுணர் சொல்வதைவிட, தன்னைப் போலவே மாடு வைத்திருக்கும் இன்னொருவர் சொல்வது சட்டென்று ஏறும். இதில் பயிற்சியாளர் வருத்தப்பட எதுவும் இல்லை.

ஒரு எச்சரிக்கை. பல பண்ணை ஆட்கள் ஓரிடத்தில் கூடினால் நோயும் கூடும். பயிற்சி நடக்கும் பண்ணைக்குள் நுழையும் முன் சாணம் போகக் காலணியைத் தேய்த்துக் கழுவி, பிறகு கிருமிநாசினியில் நனைக்கச் சொல்லுங்கள். சாணம் ஒட்டிய காலணியில் கிருமிநாசினி வேலை செய்யாது. மந்தையில் கோமாரி போன்ற தொற்று இருப்பவர் அந்த வாரம் வர வேண்டாம். இந்தக் காலணிச் சடங்கே முதல் பாடம். வாயால் ஒரு மணி நேரம் சொல்வதை இது ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடும்.

படி 3: கண்ணைப் பழக்குங்கள்

முதல் நாள் யாரையும் பட்டிக்குள் விடாதீர்கள். வேலிக்கு வெளியே நின்று கால் மணி நேரம் பேசாமல் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் கேளுங்கள்: எந்த மாடு தனியாக நிற்கிறது? எது தீவனத்துக்குக் கடைசியாக வந்தது? எதன் காது தொங்கியிருக்கிறது? முதல் தடவை பதில் குறைவாகத்தான் வரும். மூன்றாம் நாள் நீங்கள் பார்க்காததை அவர்கள் காட்டுவார்கள்.

மாடு இரையாகும் விலங்கினத்தில் வந்தது. பலவீனத்தை வெளியே காட்டினால் அதற்கு ஆபத்து, அதனால் வலியை மறைக்கும். நொண்டுவது, முனகுவது எல்லாம் வலி முற்றிய பிறகு. அதற்கு முன்னால் வரும் அறிகுறிகள் சின்னவை: முதுகு லேசாக வளையும், காது பின்னால் போகும், பல்லை நறநறக்கும், மந்தையிலிருந்து இரண்டடி தள்ளி நிற்கும். நொண்டலைக் கண்டுபிடிக்க எளிய வழி முதுகைப் பார்ப்பதுதான். நிற்கும்போது முதுகு நேராக இருந்து, நடக்கும்போது வளைந்தால் குளம்பில் ஏதோ தொடங்கிவிட்டது. அந்த நிலையிலேயே காலைத் தூக்கிப் பார்த்தால் சின்ன வேலையோடு போய்விடும். தன் மாட்டைத் தினமும் பார்ப்பவருக்கு இது தெரியாமலா போகும் என்று நினைப்போம். பிரிட்டனில் பால் பண்ணைகளில் செய்த ஆய்வுகளில், பயிற்சி பெற்ற ஆய்வாளர்கள் கண்ட நொண்டி மாடுகளில் சுமார் நான்கில் ஒரு பங்கைத்தான் பண்ணையாளர்கள் கவனித்திருந்தார்கள். தினமும் பார்ப்பதாலேயே கண் பழகிப்போகிறது.

அடுத்து அசைபோடுதல். நலமான மாடு ஒரு நாளில் 7, 8 மணி நேரம் அசைபோடும். மந்தை ஓய்வாகப் படுத்திருக்கும் வேளையில் பாதிக்குக் குறையாத மாடுகள் அசைபோட்டுக்கொண்டிருக்க வேண்டும். பயிற்சிக்கு வந்தவர்களை ஆளுக்கொரு மாட்டைத் தேர்ந்தெடுத்து, ஒரு கவளம் வாய்க்கு வந்து திரும்ப விழுங்கும் வரை எத்தனை முறை மெல்லுகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். 50, 60 என்று வரும். தொண்டையில் கவளம் கீழே இறங்குவதும், சில நொடிகள் தாடை நிற்பதும், அடுத்த கவளம் மேலே ஏறுவதும் தோலுக்கு வெளியே தெரியும். வருடக்கணக்காக மாடு வைத்திருப்பவர்கள்கூட அன்றுதான் அதை முதன்முதலில் உற்றுப் பார்ப்பார்கள்.

மாட்டின் பின்னால் நின்று இடது பக்கம் பாருங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கும். பள்ளம் ஆழமாக, உள்ளங்கை மறையும்படி இருந்தால் அது நேற்றிலிருந்து சரியாகத் தின்னவில்லை. லேசாக நிரம்பியிருந்தால் நன்று. இடது பக்கம் மட்டும் பறை போல் விம்மித் தெரிந்தால் வயிறு உப்புசம். பாடத்தை நிறுத்திவிட்டு உடனே கவனிக்க வேண்டியது அது. சாணத்தின் இளக்கம், கண் பீளை, மூக்கு நுனியின் ஈரம் எல்லாம் இதோடு சேர்ந்து பழக வேண்டியவை.

உடல் வாகை மதிப்பெண் போடக் கற்றுக்கொடுங்கள். 1 முதல் 5 வரை அளவுகோல் போதும்: 1 என்றால் எலும்பு துருத்தும் மெலிவு, 5 என்றால் வால் அடியில் கொழுப்பு மடியும் பருமன். விலா, முதுகுத்தண்டு, இடுப்பெலும்பு, வால் அடி ஆகிய இடங்களைக் கையால் அழுத்திப் பார்த்துப் போட வேண்டும். ரோமம் அடர்ந்த மாட்டில் கண் ஏமாற்றிவிடும். எல்லோரும் தனித்தனியாக எழுதிவிட்டுப் பிறகு ஒப்பிடட்டும். ஒரே மாட்டுக்கு 2-ம் 4-ம் வந்தால் சண்டை நடக்கும், நடக்கட்டும். அந்தச் சண்டையில்தான் அளவுகோல் ஒன்றாகும்.

படி 4: மாட்டை நடத்தும் முறை

மொத்தப் பயிற்சியில் ஒரே ஒரு பாடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் இதைத்தான் எடுப்பேன். மாட்டை முட்டாமல் மோதாமல் நடத்தத் தெரிந்தால் மற்றதெல்லாம் எளிதாகிவிடும். பதறிய மாடு நின்று சாந்தமாக அரை மணி நேரம் பிடிக்கும். அதற்குள் எடுக்கும் உடல் வெப்பமும் நாடித்துடிப்பும் நம்பத்தக்கவையல்ல.

கண்ணிலிருந்து தொடங்குங்கள். மாட்டின் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் கிட்டத்தட்ட சுற்றிலும் தெரியும். வாலுக்கு நேர் பின்னால் மட்டும் சிறு பகுதி தெரியாது. அங்கே திடீரென்று போய் நின்றால் ஒன்று திரும்பிப் பார்க்கும், இல்லையென்றால் உதைக்கும். பார்வை அகலம், ஆனால் தூரத்தையும் ஆழத்தையும் சட்டென்று கணிக்க முடியாது. அதனால்தான் தரையில் விழுந்த நிழல், ஓடும் தண்ணீர்க் கோடு, வேலியில் தொங்கும் துணி எல்லாவற்றிலும் நின்றுவிடுகிறது. நாம் "சண்டி மாடு" என்று அடிக்கிறோம். காதும் நம்மைவிடக் கூர்மை. நம் காதுக்கு எட்டாத உயர்ந்த ஒலியும் அதற்குக் கேட்கும். கத்தி ஓட்டுவது, சீட்டியடிப்பது, இரும்புக் கதவைத் தடாலென்று அறைவது எல்லாம் அதற்கு அடிக்கு ஈடு.

அமெரிக்காவின் டெம்பிள் கிராண்டின் இந்த விஷயத்தில் பல ஆண்டுகள் உழைத்தவர். மாடுகள் நடக்கும் பாதையில் தானே நடந்து, குனிந்து, மாட்டின் கண் மட்டத்தில் என்ன தெரிகிறது என்று பார்த்துக் குறைகளைக் கண்டுபிடித்தார். இதையே பயிற்சியில் செய்யுங்கள். ஒவ்வொருவரும் பட்டியிலிருந்து மாட்டை நிறுத்தும் இரும்புச் சட்டம் வரை குனிந்தபடி நடக்கட்டும். எதிர்வெயில் கண்ணில் அடிக்கும் இடம், இருட்டுக்குள் நுழையும் இடம், காற்றில் ஆடும் சங்கிலி, வழுக்கும் தளம் என்று ஒரு பட்டியல் கிடைக்கும். பாதியை அன்றே சரிசெய்துவிடலாம்.

அடுத்தது விலகல் எல்லை. ஒவ்வொரு மாட்டைச் சுற்றியும் கண்ணுக்குத் தெரியாத வட்டம் ஒன்று உண்டு. அதற்கு வெளியே நீங்கள் நின்றால் மாடு உங்களைத் திரும்பிப் பார்க்கும். உள்ளே ஓரடி வைத்தால் விலகி நடக்கும். மிக உள்ளே போய்விட்டால் ஓடும், அல்லது உங்களைத் தாண்டிக்கொண்டு திரும்பும். கையால் வளர்த்த மாட்டுக்கு இந்த வட்டம் இல்லாமலேகூட இருக்கும். மேய்ச்சல் வெளியிலேயே வளர்ந்ததற்குப் பல மீட்டர் இருக்கும். பயிற்சியில் ஒருவர் மெதுவாக நெருங்க, மாடு முதல் அடி எடுத்து வைக்கும் இடத்தில் மற்றவர் தரையில் கோடு போடட்டும். ஐந்தாறு மாட்டுக்குச் செய்தால் வட்டத்தின் உருவம் கண்ணால் தெரியும்.

சமநிலைப் புள்ளி தோளில் இருக்கிறது. தோளுக்குப் பின்னால் நின்று நெருங்கினால் மாடு முன்னே போகும், தோளுக்கு முன்னால் நின்று நெருங்கினால் பின்வாங்கும். ஒற்றை வரிசைப் பாதையில் மாட்டை முன்னே நகர்த்த வேண்டுமானால், அதன் தலைப் பக்கமிருந்து வால் பக்கமாக, அது போக வேண்டிய திசைக்கு எதிர்த்திசையில், பக்கவாட்டில் நடந்து போனால் போதும். தோளை நீங்கள் தாண்டும் நொடியில் அது முன்னால் அடி எடுத்து வைக்கும். முதல் தடவை பார்ப்பவர்கள் சிரித்துவிடுவார்கள், நம்ப மாட்டார்கள். மறுபடி செய்து காட்டுங்கள், பிறகு அவர்களே செய்யட்டும்.

நகர்ந்ததும் ஓரடி பின்வாங்க வேண்டும். இதைத்தான் மறந்துவிடுவார்கள். அழுத்தம் கொடுத்தேன், மாடு கேட்டது, உடனே அழுத்தம் விலகியது: இந்தத் தொடர்பு புரிந்த மாடு அடுத்த முறை சின்ன அசைவிலேயே நகரும். கேட்ட பிறகும் குச்சியால் குத்திக்கொண்டே இருந்தால், கேட்டாலும் அடி, கேட்காவிட்டாலும் அடி என்று கற்றுக்கொள்ளும். மந்தையிலிருந்து ஒரே மாட்டைத் தனியாகப் பிரித்து ஓட்டாதீர்கள். தனிமையில் அது வெறிகொண்டு வேலியைத் தாண்டப் பார்க்கும். கூட இரண்டு மாட்டை விட்டுவிடுங்கள். வாலை முறுக்குவது, கண்ணிலும் மூக்கிலும் குத்துவது, மின்கோல் வைப்பது எல்லாவற்றுக்கும் பயிற்சியில் இடமே கொடுக்காதீர்கள்.

நீண்ட அனுபவம் உள்ள ஒருவர் குழுவில் நிச்சயம் இருப்பார். "இத்தனை வருஷமா அடிச்சுத்தான் ஓட்டுறோம், என்ன ஆச்சு?" என்பார். வாதம் வேண்டாம். அடுத்த மாட்டை நகர்த்த எத்தனை நிமிடம் ஆகும் என்று அவரையே கணிக்கச் சொல்லி, கடிகாரத்தை அவர் கையில் கொடுங்கள். அவர் மாறினால் மற்ற பத்துப் பேருக்கு நீங்கள் பேசவே வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவின் பால் ஹெம்ஸ்வொர்த், கிரகாம் கோல்மன் இருவரும் பல ஆண்டுகள் ஆராய்ந்தது இதைத்தான். மாட்டைப் பற்றி ஆள் என்ன நினைக்கிறாரோ அது அவர் கையில் வரும், கை கொடுக்கும் பயம் மாட்டிடம் வரும், பயந்த மாடு பாலிலும் வளர்ச்சியிலும் குறையும். ஆகவே எண்ணத்தையும் பேச வேண்டும், கையை மட்டும் திருத்தினால் போதாது.

படி 5: தொட்டுப் பார்க்கும் பரிசோதனை

நின்ற மாட்டில் நான்கு சோதனைகளை எல்லோரும் கையால் செய்ய வேண்டும். ஆசனவாயில் வெப்பமானி வைத்து எடுத்தால் வளர்ந்த மாட்டுக்குச் சுமார் 38 முதல் 39.3 டிகிரி செல்சியஸ் இயல்பு. கன்றுக்குச் சற்றுக் கூடலாம். வெப்பமானியின் முனை குடல் சுவரைத் தொட வேண்டும், சாணத்துக்குள் குத்தி நின்றால் தவறான எண் காட்டும். கொதிக்கும் மதியத்தில் எடுத்த 39.5-ஐ வைத்துக் காய்ச்சல் என்று ஊசி போட்டுவிடக் கூடாது. குளிர்ந்த வேளையில் மறுபடி எடுக்க வேண்டும். நாடியை வாலின் அடிப்பக்கத்தில், உடலோடு சேரும் இடத்திலிருந்து ஒரு சாண் கீழே விரல் வைத்து எண்ணலாம். 60 முதல் 80 வரை இருக்கும். மூச்சை விலாவின் ஏற்ற இறக்கத்தில் எண்ணலாம். நிமிடத்துக்கு 60-ஐத் தாண்டினால் வெப்பம் வாட்டுகிறது அல்லது நோய் இருக்கிறது. கடைசியாக இடது பள்ளத்தில் கைமுட்டியை அழுத்தி வைத்துக் காத்திருங்கள். உள்ளே அலை போல் ஒன்று எழுந்து கையைத் தள்ளிவிட்டு அடங்கும். இரண்டு நிமிடத்தில் இரண்டு மூன்று முறை வர வேண்டும். வரவேயில்லை என்றால் வயிறு நின்றுவிட்டது.

நீங்கள் செய்து காட்டுங்கள். அப்புறம் அவர் செய்யட்டும், செய்யும்போதே என்ன செய்கிறேன், ஏன் செய்கிறேன் என்று வாயால் சொல்லட்டும். பிறகு அவர் இன்னொருவருக்குக் காட்டட்டும். இந்த மூன்றாவது சுற்றைப் பலர் நேரமில்லை என்று விட்டுவிடுகிறார்கள். எது புரியவில்லை என்பது அங்கேதான் தெரியும்.

படி 6: ஊசி, தடுப்பூசி, வாய்வழி மருந்து

ஊசி போடும் இடம் கழுத்து. தோளுக்கு முன்னால், கழுத்தின் மேல் தசைநாருக்கும் கீழே எலும்புக்கும் நடுவில் உள்ள முக்கோணம். தொடையிலும் பின்புறத்திலும் போட்டால் தசையில் தழும்பு விழும், நரம்பில் பட்டுக் கால் இழுக்கவும் கூடும். தோலுக்கு அடியில் போடலாம் என்று மருந்துச் சீட்டு அனுமதித்தால் அதையே தேர்ந்தெடுங்கள். ஒரே இடத்தில் 10 மில்லிக்கு மேல் வேண்டாம். 10, 15 மாட்டுக்கு ஒருமுறை ஊசியை மாற்ற வேண்டும். ரத்தத்தால் பரவும் நோய் இருக்கும் மந்தையில் மாட்டுக்கு ஒன்று. வளைந்த ஊசியை நிமிர்த்திப் போடவே கூடாது, அது தசைக்குள் முறியும். முதலில் ஈரமான கடற்பஞ்சைத் துணியில் சுற்றி, நிறத் தண்ணீரால் பழக விடுங்கள்.

தடுப்பூசியில் தோல்வி பெரும்பாலும் புட்டியில் இல்லை, பெட்டியில் இருக்கும். 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரை குளிரில் இருக்க வேண்டும். உறைந்துபோனாலும் பல தடுப்பூசிகள் கெட்டுவிடும், ஐஸ்கட்டியோடு ஒட்டி வைப்பதும் தவறுதான். உயிருள்ள கிருமித் தடுப்பூசியைக் கரைத்த பிறகு ஒரு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்கத் தேவையான அளவு மட்டும் கரைக்க வேண்டும். அந்தச் சிரிஞ்சைக் கிருமிநாசினியால் கழுவினால், ஒட்டியிருக்கும் துளியே தடுப்பூசியைக் கொன்றுவிடும். காய்ச்சலில் இருக்கும் மாட்டுக்குப் போட வேண்டாம். எந்த நோய்க்கு எப்போது என்ற அட்டவணையை அந்தப் பகுதிக் கால்நடை மருத்துவரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள், எங்கிருந்தாவது எடுத்து ஒட்டாதீர்கள்.

குடற்புழு மருந்தில் எடைதான் சிக்கல். கண்ணால் மதிப்பிட்டுக் குறைவாகக் கொடுத்தால் பலவீனமான புழு சாகும், தாங்கிய புழு பெருகும், பிறகு அந்த மருந்தே கேட்காது. எடைமேடை இல்லாவிட்டால் நெஞ்சுச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பின் இடுப்பெலும்பு முனை வரையான நீளத்தையும் சென்டிமீட்டரில் அளங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 10,800-ஆல் வகுத்தால் எடை கிலோவில் ஏறக்குறைய வரும். வாய்வழி மருந்து ஊற்றும்போது தலையை மிக மேலே தூக்காதீர்கள், நாக்கை இழுத்துப் பிடிக்காதீர்கள். மருந்து மூச்சுக்குழாயில் போனால் நுரையீரல் அழற்சியில் மாடு செத்துவிடும். விழுங்க முடியாமல் சோர்ந்து படுத்த மாட்டுக்கு வாயில் எதுவுமே ஊற்றக் கூடாது.

நோய் எதிர்ப்பு மருந்து மருத்துவர் சொன்னால் மட்டும், சொன்ன அளவு, சொன்ன நாள் முழுவதும். பாலையும் இறைச்சியையும் எத்தனை நாள் ஒதுக்க வேண்டும் என்று புட்டியில் இருக்கும். மருந்து போட்ட மாட்டின் காலில் நிற நாடா கட்டும் பழக்கத்தை அன்றே தொடங்கிவையுங்கள். கறப்பவர் வேறு ஆளாக இருந்தாலும் தவறாது.

படி 7: கன்று ஈனும் நேரமும் முதல் நாளும்

சாக்கில் வைக்கோல் திணித்துக் கன்று பொம்மை செய்து, பக்கவாட்டில் ஓட்டை போட்ட பெட்டிக்குள் வைத்து, கண்ணால் பார்க்காமல் கையால் மட்டும் தடவி எது முன்கால், எது பின்கால், தலை எங்கே மடங்கியிருக்கிறது என்று சொல்ல வையுங்கள். முன்காலில் குளம்புக்கு மேல் உள்ள இரண்டு மூட்டும் ஒரே பக்கம் மடங்கும். பின்காலில் இரண்டும் எதிரெதிராக மடங்கும். பொம்மையில் மூட்டைத் தைத்து வைத்தால் இருட்டிலும் மறக்காத பாடம்.

எப்போது இழுக்கலாம் என்பதைவிட எப்போது மருத்துவரைக் கூப்பிட வேண்டும் என்பதை அழுத்திச் சொல்லுங்கள். பனிக்குடம் வெளியே தெரிந்து ஒரு மணி நேரமாகியும் முன்னேற்றம் இல்லை, கால் மட்டும் வந்து தலை வரவில்லை, வால் மட்டும் தட்டுப்படுகிறது: இவை காத்திருக்கும் நேரமல்ல. மாட்டின் முக்கலோடு சேர்த்துத்தான் இழுக்க வேண்டும், வண்டி கட்டி இழுப்பது கூடவே கூடாது. ஈன்று 24 மணி நேரமாகியும் நஞ்சுக்கொடி விழாவிட்டாலும் கையால் பிய்க்கக் கூடாது. வெறுங்கையால் தொடவும் கூடாது, அதிலிருந்து கருச்சிதைவு நோய்க்கிருமி மனிதருக்கும் வரும்.

கன்றுக்குச் சீம்பால் கடிகாரப் பாடம். தாயின் நோய் எதிர்ப்பு ஆற்றல் கருவில் கன்றுக்கு வருவதில்லை, சீம்பாலில்தான் வருகிறது. அதை உள்ளே விடும் குடலின் திறன் பிறந்த நேரத்திலிருந்தே குறைந்துகொண்டே போய் 24 மணி நேரத்தில் மூடிவிடும். ஆகவே கன்றின் எடையில் 10 சதவீதம், அதாவது 40 கிலோ கன்றுக்குச் சுமார் 4 லிட்டர், முதல் சில மணி நேரத்துக்குள் போக வேண்டும். நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருப்பது கன்றின் உயிரோடு விளையாடுவது. தொப்புளை அயோடினில் முக்குங்கள், மேலே தெளித்தால் போதாது. கழியும் கன்றுக்குப் பாலை நிறுத்தாமல், நடுநடுவே உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுக்க வேண்டும். கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத் திரும்புகிறதா, கண் குழிந்திருக்கிறதா என்று ஒவ்வொருவரும் பார்க்கட்டும். எழுந்து நிற்காத கன்றுக்கு ரத்தக்குழாய் வழியாகத்தான் திரவம் ஏற்ற வேண்டும், அது மருத்துவர் வேலை.

படி 8: வலி தரும் வேலைகள், எழ முடியாத மாடு

1965-இல் பிரிட்டனில் பண்ணை விலங்குகளின் நலம் பற்றிப் பிராம்பெல் குழு அறிக்கை கொடுத்த பிறகு உருவான ஐந்து சுதந்திரங்களை இங்கே சொல்லலாம்: பசி தாகமின்மை, வசதிக் குறைவின்மை, வலி காயம் நோயின்மை, இயல்பாக நடந்துகொள்ள வாய்ப்பு, பயமும் துயரமும் இன்மை. ஆனால் சுவரில் மாட்டும் வாசகமாகச் சொல்லாதீர்கள். காயடிப்பதையும் கொம்புக் குருத்தைச் சுடுவதையும் பேசும்போது சொல்லுங்கள், அப்போதுதான் பொருள் வரும். கொம்புக் குருத்து 2 மாதம் வரை மண்டை ஓட்டோடு ஒட்டாமல் இருக்கும், அதற்குள் செய்தால் காயம் சிறிது. எந்த வயதானாலும் மரத்துப்போகும் ஊசியும் வலி நீக்கியும் வேண்டும். "சின்னக் கன்றுக்கு வலிக்காது" என்பது உண்மையல்ல. சுட்ட பிறகு பல மணி நேரம் தலையை உதறுவதையும் காதை ஆட்டுவதையும் நின்று பார்த்தால் தெரியும்.

படுத்துவிட்ட மாடு பெரிய உடலின் எடையாலேயே தன் தசையை நசுக்கிக்கொள்கிறது. ஈன்ற மூன்று நாளுக்குள் படுத்துவிட்டால் கால்சியக் குறைவு என்று சந்தேகித்து உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். கால்சியத்தை ரத்தக்குழாயில் வேகமாக ஏற்றினால் இதயமே நின்றுவிடும், அனுபவமில்லாதவர் தொடக் கூடாது. மருத்துவர் வரும் வரை மெத்தென்ற படுக்கை, கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர், மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் போடுவது. கயிறு கட்டி இழுக்கக் கூடாது. தேறாது என்று மருத்துவர் சொன்னால், நாளை பார்க்கலாம் என்று தள்ளாமல் வலியின்றி முடித்துவைப்பதும் நலப் பணிதான். இதைப் பேசும்போது குழு அமைதியாகிவிடும். அவசரப்படாமல் பேச விடுங்கள்.

படி 9: தொடவே கூடாதவை

இதைச் சுருக்கமாக, அழுத்தமாகச் சொல்லுங்கள். திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத ரத்தம் வடியும் மாட்டை அறுக்கவோ தோலுரிக்கவோ கூடாது. அது அடைப்பான் நோயாக இருந்தால் காற்றுப் பட்டதும் கிருமி வித்தாக மாறி அந்த மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும், மனிதரையும் கொல்லும். வாயில் எச்சில் ஒழுக, விழுங்க முடியாமல் திணறும் மாட்டின் தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று கையை விடாதீர்கள், வெறிநோயாக இருக்கலாம். வாயிலும் குளம்பிலும் கொப்புளம் கண்டால் மந்தையை நகர்த்தாமல் அரசுக் கால்நடைத் துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும். புதிதாக வாங்கிய மாடு நான்கு வாரம் தனியாக, தனித் தொட்டியோடு இருக்க வேண்டும்.

படி 10: திரும்பிப் போங்கள்

பயிற்சியின் பாதிதான் முடிந்திருக்கிறது. மூன்று வாரம் கழித்து ஒரு முறை, மூன்று மாதம் கழித்து ஒரு முறை, ஆறு மாதம் கழித்து ஒரு முறை போங்கள். முதல் தடவை குறை சொல்லப் போகாதீர்கள். எது செய்ய முடியவில்லை, ஏன் முடியவில்லை என்று கேளுங்கள். "வெப்பமானி உடைந்துவிட்டது", "முதலாளி நிழல் போடவில்லை", "தனியாக இருந்தால் மாட்டை நிறுத்த முடியவில்லை" என்று காரணங்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். அறிவு குறைந்ததால் நின்றது கொஞ்சம்தான்.

பயிற்சியை நான்கு நிலையில் மதிப்பிடலாம் என்று 1959-இல் டொனால்ட் கிர்க்பாட்ரிக் எழுதினார்: பிடித்ததா, கற்றார்களா, செய்கையில் மாறியதா, பலன் வந்ததா. நம்மில் பெரும்பாலோர் முதல் கேள்வியோடு நின்று, "அருமையாக இருந்தது ஐயா" என்பதைக் கேட்டுத் திருப்தியடைகிறோம். மூன்றாவதுக்கு, மாடுகளைச் சட்டத்துக்குள் ஏற்றும் ஒரு காலையில் பேசாமல் ஓரமாக நின்று எண்ணுங்கள்: எத்தனை மாட்டின் மேல் குச்சி பட்டது, எத்தனை வழுக்கியது, எத்தனை கதவில் மோதியது, எத்தனை கத்தியது. நான்காவதுக்கு, படி 1-இல் எழுதிவைத்த தாளை எடுத்து நொண்டல், கன்று இறப்பு, ஊசிக் கட்டி ஆகியவற்றைப் பக்கத்தில் எழுதுங்கள்.

பண்ணையில் பதிவேடு ஒன்று ஓட வேண்டும். தேதி, மாட்டின் எண், என்ன கண்டது, என்ன கொடுத்தது, ஒதுக்க வேண்டிய கடைசி நாள், போட்டவர் பெயர்: இந்த ஆறு கட்டம் போதும். எழுதப் படிக்கத் தயங்குபவருக்குப் படக் குறியோ நிறப் பொட்டோ வையுங்கள். மருந்துப் பெட்டிக்குள்ளேயே, பேனாவை நூலில் கட்டித் தொங்க விடுங்கள். தனி அறையில் இருக்கும் பதிவேட்டை யாரும் நிரப்ப மாட்டார்கள்.

எண்கள் ஒரு பண்ணையில் நகரவே இல்லை என்றால் பாடத்தைத் திரும்ப நடத்தாதீர்கள். நகர்ந்த பண்ணைக்கு அவர்களைக் கூட்டிப் போய், அங்கே கன்றுக்குப் பால் ஊட்டுபவரிடம் அரை நாள் விட்டுவிடுங்கள். நீங்கள் கொஞ்சம் தள்ளியே இருங்கள்.